இருவருக்கு ஒரு பானை: டொராண்டோ கண்டோவில் தைப்பொங்கல்

கல்யாணமாகி வெளிநாடு வந்த இருவர் வீட்டில் பொங்கல் முதல் வருடம் ஆர்வத்தில் நடந்துவிடும். தடுமாறுவது இரண்டாவது வருடம்தான். பத்துப் பேருக்குப் பொங்கிய ஊர் முறையை அப்படியே பத்தில் ஒன்றாகக் குறைத்துச் செய்யப் பார்த்தால், பால் கண்ணாடி அடுப்பில் கருகும், ஸ்மோக் அலாரம் கத்தும், பாதிப் பொங்கல் ஒரு வாரம் ஃபிரிட்ஜில் கிடக்கும். மறுவருடம் கடையில் வாங்கிய ஒரு டப்பா சர்க்கரைப் பொங்கலோடு பண்டிகை முடிந்துவிடும். நமக்கு இருக்கும் அடுப்பு, இங்கே உதிக்கும் சூரியன், கட்டடத்தின் விதிகள் ஆகியவற்றுக்குத் தக்கபடி ஒரு முறையை வகுத்துவிட்டால் அது வருடா வருடம் நிற்கும். டொராண்டோவில் கண்டோ எனப்படும் அடுக்குமாடி வீட்டிலோ பேஸ்மென்ட் வாடகை வீட்டிலோ இருக்கும் இருவருக்கான அளவும் நேரமும் கீழே. குளிர்நாட்டு ஊர் எதுவானாலும் சூரியக் கணக்கை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

நாளும் நேரமும்

முதலில் இதை இருவரும் பேசித் தீர்த்துவிட வேண்டும். சூரியன் மகரத்தில் நுழைவது ஒரே ஒரு கணம். இந்திய, இலங்கை நேரத்துக்கும் டொராண்டோவின் குளிர்கால நேரத்துக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம் இருப்பதால், அந்தக் கணம் இங்கே முந்தைய தேதியில் விழக்கூடும். ஒருவர் வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம், இன்னொருவர் வீட்டில் திருக்கணிதப் பஞ்சாங்கம் (இரண்டின் கணக்கும் ஒன்றாக இராது) என்றால் குழப்பம் இன்னும் கூடும். எளிய விதி ஒன்று போதும்: ஊர் காலண்டர் தை 1 என்று எந்தத் தேதியைச் சொல்கிறதோ (ஜனவரி 14 அல்லது 15), அதே தேதியில் இங்கே சூரியன் உதிக்கும் நேரம். பெரியவர்களிடம் ஒருமுறை சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொண்டால் வருடா வருடம் இதே பேச்சு எழாது.

ஜனவரி நடுவில் டொராண்டோவில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய காலை 7.50-க்கு. ஊரில் அப்போது மாலை 6.20. சென்னையில் பானை வைக்கும் காலை 6.30 இங்கே முந்தைய இரவு 8 மணி. இந்த வித்தியாசத்தைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. இதிலிருந்தே நல்ல வழக்கம் ஒன்று கிடைக்கிறது. போகி இரவு 8 மணிக்கு வீடியோவில் ஊரில் பொங்குவதைப் பார்ப்பது, மறுநாள் காலை 7.50-க்கு இங்கே பொங்குவதை அவர்களுக்குக் காட்டுவது. அம்மா அப்பாவுக்கு அது விளக்கு வைக்கும் நேரம், வேலையெல்லாம் ஓய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரே பண்டிகையை இரண்டு தடவை சேர்ந்து பார்த்துவிடலாம்.

திசையையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். இந்த அட்சரேகையில் ஜனவரி நடுவில் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை. கிழக்கிலிருந்து சுமார் 30 பாகை தெற்கே விலகித் தென்கிழக்கில் எழும்பும். சென்னையில் அந்த விலகல் 22 பாகைதான். அதனால் கிழக்கு ஜன்னல் இல்லாவிட்டாலும் தெற்கு ஜன்னலின் இடது ஓரத்தில் சூரியன் தெரிய வாய்ப்புண்டு. எதிரே உயரக் கட்டடம் இருந்தால் அரைமணியோ அதற்கு மேலோ தாமதமாகும். பண்டிகைக்கு முந்தைய வாரம் ஒரு நாள் காலை வெயில் எத்தனை மணிக்கு எந்தத் தரைப்பலகையில் விழுகிறது என்று பார்த்து அங்கே சிறு டேப் ஒட்டிவிட்டால், கோலத்துக்கும் படையலுக்கும் இடம் முடிவாகிவிடும். பேஸ்மென்ட் வீட்டில் பொங்குவதை உள்ளே முடித்துக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு பக்கவாசல் படியில் நின்று சூரியனுக்குக் காட்டிவிட்டு வரலாம். மைனஸ் பத்து டிகிரியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். படியில் முந்தைய இரவே உப்புத் தூவி வையுங்கள். கையில் சுடுபானையோடு பனிக்கட்டியில் வழுக்குவது வேடிக்கையல்ல.

பொங்கலுக்கு இங்கே அரசு விடுமுறை கிடையாது. ஒன்டாரியோவில் 2014-லிருந்தும், கனடிய நாடாளுமன்றத் தீர்மானத்தின்படி 2016-லிருந்தும் ஜனவரி தமிழ் மரபுத் திங்கள் என்பதால் பொது விழாக்கள் நிறைய நடக்கும். அவை பெரும்பாலும் சனி ஞாயிறில் வரும். வார நாளில் பொங்கல் விழுந்தால் 10 மணிக்கு வேலை தொடங்குவதாக முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும். முழு நாள் விடுப்புக்காகக் காத்திருந்தால் பண்டிகை சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகும், அப்படித் தள்ளிப்போனது திரும்பி வருவது கடினம். பானை மட்டும் தை 1 அன்று, மற்றதெல்லாம் வசதிப்படி.

போகியன்று செய்ய வேண்டியது

எரிப்பது இங்கே நடக்காது. ஆனால் பழையன கழிதலுக்கு இந்த வீடுகளில் செம்மையான வேலை ஒன்று காத்திருக்கிறது: அடுப்புக்கு மேலுள்ள புகைபோக்கியின் உலோக வடிகட்டி. வருடம் முழுதும் தாளித்த எண்ணெய் அதில்தான் படிந்திருக்கிறது. கழற்றி, சிங்க்கில் நல்ல கொதிநீர் நிரப்பி, கால் கப் பேக்கிங் சோடாவும் கொஞ்சம் பாத்திரச் சோப்பும் போட்டு 20 நிமிடம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பிசுக்கு விட்டுவிடும். முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

அந்தப் புகைபோக்கி காற்றை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடுகிறதா என்றும் அன்றே பாருங்கள். மேல்பக்கம் முகத்துக்கு நேரே காற்று வந்தால் அது உள்ளேயே சுற்றும் வகை. ஆவியும் புகையும் அறையில்தான் தங்கும். அப்படியானால் குளியலறை விசிறியைப் போட்டு, அதன் கதவைத் திறந்து வைத்து, ஜன்னலை ஒரு சாண் திறக்க வேண்டும். குளிருக்குப் பயந்து ஜன்னலை மூடினால் அலாரம் நிச்சயம் அடிக்கும்.

ஸ்மோக் அலாரத்தைப் பொத்தானை அழுத்திச் சோதித்து, பேட்டரி வகையானால் பேட்டரியை மாற்றுவதும் போகி வேலைதான். அதைக் கழற்றி வைப்பதோ பிளாஸ்டிக் பையால் மூடுவதோ கூடவே கூடாது. ஒன்டாரியோவில் அது சட்டப்படி குற்றம், அதைவிட ஆபத்து. புகை கொஞ்சம் கூடிவிட்டால் பலரும் பதறிப்போய் வீட்டு வாசற்கதவைத் திறந்துவிடுகிறார்கள். இதுதான் பெரிய தவறு. வீட்டுக்குள் இருக்கும் அலாரம் அடித்தால் அது உங்களோடு போகும். புகை கட்டடத்தின் உள் நடைபாதைக்குப் போய் அங்கிருக்கும் கருவியைத் தொட்டால் கட்டடம் முழுதும் மணி அடித்து தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். வாசற்கதவு மூடியே இருக்கட்டும்.

மசாலா டப்பாக்களில் மணம் போனவற்றைக் கொட்டுவது, போடாத குளிர் கோட்டுகளைத் தானத்துக்குக் கொடுப்பது எல்லாம் அதே மாலைக்குள் முடிந்துவிடும். 8 மணிக்கு ஊர்ப் பானையைப் பார்க்க உட்கார வேண்டும் அல்லவா.

பானையும் அடுப்பும்

இங்குள்ள வாடகை வீடுகளில் மூன்று வகை அடுப்பு இருக்கும்: சுருள் கம்பி, கண்ணாடித் தளம், அபூர்வமாக காஸ். காஸ் இருந்தால் பேசவே வேண்டாம், பித்தளைப் பானையைத் தூக்கி வையுங்கள். சுருள் கம்பி அடுப்பும் பொங்கவிட நல்லதுதான். வழியும் பால் கீழே இருக்கும் தட்டில் விழும், ஆறியபின் தட்டைக் கழற்றிக் கழுவிக்கொள்ளலாம். தட்டில் அலுமினியத் தாள் விரிக்காதீர்கள், கம்பியோடு உரசினால் விபரீதம்.

தொல்லை கண்ணாடித் தளத்தில்தான். அணைத்த பிறகும் தளத்தில் சூடு நிற்கும். வழிந்த பால் அந்த நொடியே கருகி ஒட்டும். வெல்லம் கலந்த பால் என்றால் இன்னும் மோசம். சர்க்கரை கண்ணாடியோடு இறுகிப் பிடித்து, ஆறும்போது மேல்தளத்தையே சில்லாகப் பெயர்த்துவிடும். வீட்டுக்காரர் பழுதுச் செலவைக் கேட்க அது ஒன்று போதும். இந்த அடுப்பு இருப்பவர்கள் தனியாக ஓர் இன்டக்ஷன் அடுப்பை வாங்கிக்கொள்வது நல்லது. இன்டக்ஷனில் சூடாவது பாத்திரம். கண்ணாடி அதன் சூட்டை மட்டுமே வாங்கிக்கொள்கிறது, எனவே வழிந்தது அவ்வளவாகக் கருகாது.

இங்கே மின்சாரம் 120 வோல்ட், சிறிய இன்டக்ஷன் அடுப்புகளின் உச்சம் 1800 வாட்ஸ். அதாவது 15 ஆம்பியர் இணைப்பு ஒன்றை அது தனியாகவே நிரப்பிவிடும். அதே இணைப்பில் கெட்டிலையோ டோஸ்டரையோ போட்டால் பிரேக்கர் விழும், பால் பாதியில் நிற்கும். காபி முன்னதாகவே குடித்துவிடுங்கள்.

பித்தளை, வெண்கலம், மண், அலுமினியம் எதுவும் இன்டக்ஷனில் சூடாகாது. ஃபிரிட்ஜ் காந்தம் அடியில் கவ்வென்று ஒட்டுகிற, அடி கனத்த, தட்டையான எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். இடையில் வைக்க இரும்புத் தகடு விற்கிறார்கள். அதன்மேல் பித்தளைப் பானையை வைத்தால் மெதுவாகச் சூடாகும், தகடு அளவுக்கு மீறிச் சுட்டு அடுப்பு தானாக அணைந்துவிடவும் கூடும். அம்மா கொடுத்தனுப்பிய பித்தளைப் பானையைப் படையல் பானையாக வைத்துக்கொள்ளுங்கள்: வெந்த பொங்கலை அதில் மாற்றி, கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, சூரியனுக்கு முன் வைப்பது அதுவாக இருக்கட்டும். பால்கனியில் காஸ் குப்பி அடுப்பை வைக்கலாமே என்று தோன்றும். பெரும்பாலான கட்டடங்களில் தடை. வீட்டுக்குள் வைத்தாலோ கார்பன் மோனாக்சைடு. வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, விளிம்பு வரை ஒரு லிட்டர் பிடிக்கும் பாத்திரம்தான் இருவருக்குச் சரி. இரண்டரை லிட்டர் பாத்திரத்தில் இருவருக்கான பாலை ஊற்றினால் நுரை பாதிச் சுவர் வரை ஏறி அடங்கிவிடும், பொங்கி வழியவே வழியாது. பொங்காத பொங்கலுக்கு நிறைய வீடுகளில் காரணம் இதுதான்.

பொங்கவிடுதல்

கொழுப்பு 3.25 சதம் உள்ள பால் 400 மில்லி, தண்ணீர் 400 மில்லி. ஒரு லிட்டர் பாத்திரத்தில் இது விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கும். தண்ணீரைக் கூட்டினால் நுரைக்கு வலு குறையும். பால் பொங்குவதே அதிலுள்ள புரதம் மேலே ஆடையாகக் கட்டி ஆவிக் குமிழிகளைப் பிடித்து வைப்பதால்தான். நீர்த்த பாலில் அந்த ஆடை உடனே கிழிந்துவிடுகிறது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் சோயாப்பாலில் செய்யலாம், நன்றாகவே பொங்கும். பாதாம் பாலை நம்ப வேண்டாம்.

அடுப்பின் கண்ணாடிமேல் இன்டக்ஷனுக்கென்றே விற்கும் மெல்லிய சிலிக்கான் விரிப்பு. அதன்மேல் பாத்திரம். இப்போது வழியும் திசையைத் தீர்மானிக்க வேண்டும். முன்பக்கம் தொடு பொத்தான்கள். அவை நனைந்தால் அடுப்பு கீச்சிட்டு அணைந்துவிடும். பின்பக்கத்திலோ அடியிலோ விசிறித் துளைகள். அவற்றுக்குள் பால் போனால் அடுப்பே போய்விடும். அடுப்பைத் திருப்பிப் பார்த்துத் துளை இல்லாத பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு எதிர்ப்பக்கக் கால்களுக்கு அடியில் மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு மடித்த அட்டை. அந்தச் சிறு சரிவே போதும், நுரை சொன்ன பக்கம் வழியும். தாழ்ந்த பக்கத்தின் ஓரத்தில் பழைய துவாலையைச் சுருட்டி அணை கட்டி, அந்தப் பக்கம் கிழக்கே வரும்படி அடுப்பைத் திருப்பி வைத்துவிட்டால், கிழக்கே பொங்கிற்று என்று ஊரில் கேட்பவர்களும் மகிழ்வார்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பால் 1000 வாட்ஸில் கொதிநிலைக்கு வர ஆறேழு நிமிடம். முதலிலேயே 1800-இல் வைத்தால் அடிபிடிக்கும், அந்தத் தீய்ந்த வாடை கடைசி வரை போகாது. 7.40-க்கு அடுப்பைப் போடுங்கள். ஓரத்தில் சிறு குமிழிகள் வரிசையாகக் கட்டியதும் கரண்டியை எடுத்துவிட்டு, கிண்டாமல், 1800-க்கு உயர்த்துங்கள். நடுவில் ஆடை உப்பும், சுருங்கும், மறுபடி உப்பும். மூன்றாவது உப்பலில் ஒரேயடியாக எழும். விளிம்பைத் தாண்டி வழிந்ததும் ஒருவர் 'பொங்கலோ பொங்கல்' என்று தட்டை அடிக்க, மற்றவர் கை பொத்தானில் இருக்க வேண்டும். வழிவது ஐம்பது மில்லி போதும். இந்த வேலைப் பிரிவினையை முன்பே பேசிக்கொள்ளுங்கள், இருவரும் சேர்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அரை லிட்டர் மேடையில் ஓடும்.

போனைப் பானைக்கு நேர் மேலே பிடித்தால் ஆவியில் லென்ஸ் மூடிவிடும். விளிம்பு மட்டத்தில், பக்கவாட்டில், இரண்டடி தள்ளி நிறுத்தி வையுங்கள்.

அரிசி, வெல்லம்

பச்சரிசி 100 கிராம், வறுத்த பாசிப்பருப்பு 30 கிராம், இரண்டையும் சேர்த்துக் களைந்து அரைமணி ஊறவைத்தது. பொன்னிப் பச்சரிசியோ சோனா மசூரிப் பச்சரிசியோ சரி. கிடைக்காத ஊரில் தாய்லாந்து மல்லிகை அரிசி நன்றாகக் குழையும். பாஸ்மதி எவ்வளவு வெந்தாலும் பருக்கை பருக்கையாகவே நிற்கும்.

பொங்கிய பாலில் ஒரு டம்ளரை முகந்து தனியே வைத்துவிட்டு அரிசி பருப்பைப் போடுங்கள். வாட்ஸை 400-க்குக் குறையுங்கள். மலிவான இன்டக்ஷன் அடுப்புகள் குறைந்த சூட்டை ஒரே சீராகத் தருவதில்லை. சில நொடி முழுவீச்சில் எரிந்து சில நொடி அணைந்து கிடக்கும். ஆகவே இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடியைத் தொட்டுக் கிண்ட வேண்டும். எடுத்து வைத்த பாலையும் தேவைக்கேற்ப வெந்நீரையும் ஊற்றி ஊற்றி, 30 முதல் 35 நிமிடம். இரண்டு விரலில் நசுக்கினால் நடுவில் அரிசிக் கரு தட்டக்கூடாது.

வெல்லம் 150 கிராம், 60 மில்லி தண்ணீரில் தனியே கரைத்து, வடிகட்டி, ஆறவிட்டது. பாகுப் பதம் வேண்டாம். அரிசி முழுதாக வேகும் முன் வெல்லம் போனால் அரிசி அதற்குமேல் வேகாது. சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கொதிக்கும் பாலில் வெல்லம் விழுந்தால் அதன் புளிப்பில் பால் திரியவும் கூடும். அடுப்பை அணைத்து, கொதி அடங்கி இரண்டு நிமிடம் கழித்து ஊற்றிக் கிளறி, பிறகு மெல்லிய சூட்டில் ஐந்து நிமிடம். நெய் மூன்று மேசைக்கரண்டி, முந்திரி பத்து, திராட்சை பத்து, ஏலக்காய் மூன்று, பச்சைக் கற்பூரம் கடுகளவு. இது இருவருக்குப் போதும், பக்கத்து வீட்டுக்கு ஒரு சிறு கிண்ணமும் மிஞ்சும்.

கொடுத்தனுப்பும் கிண்ணத்தில் பால், நெய் இருப்பதை எழுதி ஒட்டுங்கள். முந்திரியைத் தனிப் பொட்டலமாகக் கொடுங்கள். கொட்டை ஒவ்வாமை இங்கே விளையாட்டான காரியமல்ல.

மேப்பிள் பாகில் செய்தால் கனடாப் பொங்கல் ஆகிவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், ஆகவே 150 கிராம் வெல்லத்துக்கு 200 கிராமுக்கு மேல் பாகு வேண்டும், பொங்கல் தளர்ந்துபோகும். அதன் மென்மையான மணமும் ஏலக்காயில் அமுங்கிவிடும். பரிமாறும்போது மேலே ஒரு தேக்கரண்டி ஊற்றினால் மணமும் நிற்கும். இந்த மண்ணின் விளைச்சலுக்கு நன்றி சொல்ல இன்னும் பொருத்தமான இடம் குழம்பு. ஏழுகாய்க் குழம்பில் மொச்சையும் அவரையும் உறைந்த பொட்டலத்தில் கிடைக்கும். பறங்கிக்குப் பதில் ஒன்டாரியோ பட்டர்நட் பூசணி, கூடவே இங்கே குளிர்காலக் கிடங்கில் இருக்கும் கேரட், பார்ஸ்னிப் (கேரட் போன்ற வெள்ளைக் கிழங்கு). பார்ஸ்னிப் சீக்கிரம் குழையும், கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்கள். அறுவடைப் பண்டிகை என்றால் பக்கத்து வயலில் விளைந்தது ஒன்றாவது இலையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

இரண்டு வீட்டு முறை

ஒருவர் யாழ்ப்பாணம், மற்றவர் மதுரை என்றால் பானை ஒன்று, பக்குவம் இரண்டு. யாழ்ப்பாணத்தில் சிவப்புப் பச்சையரிசி, வறுத்த பயறு, சர்க்கரை (வெல்லத்துக்கு அங்கே அந்தப் பெயர்), தேங்காய்ப்பால், கஜு (முந்திரி); மதுரையில் வெள்ளைப் பச்சரிசி, பாசிப்பருப்பு, நெய். 'இந்த வருடம் உன் வீட்டு முறை, அடுத்த வருடம் என் வீட்டு முறை' என்ற ஏற்பாடு நியாயமாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவருக்குப் பண்டிகை பாதியாகிவிடும். இனிப்போ உப்போ சேர்க்காமல் ஒரே பானையில் வேகவைத்து, குழைந்த பிறகு இரண்டு சிறு பாத்திரங்களில் பிரித்துக்கொள்வது மேல். ஒன்றில் மேலே சொன்ன வெல்லம், நெய், முந்திரியில் பாதி. மற்றதில் மீதிப் பாதி வெல்லக் கரைசல், கடைசியில் கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லி. தேங்காய்ப்பால் சேர்த்தபின் கொதிக்கவிடாதீர்கள், எண்ணெய் பிரியும். சிவப்பரிசியும் வெள்ளையரிசியும் ஒன்றாக வேகாது. கலப்பதானால் சிவப்பை இரவே ஊறவைத்து, காலையில் தனியே முக்கால் பதம் வேகவைத்துப் பிறகு சேர்க்க வேண்டும்.

கோலம்

நடைபாதையில் கம்பளம், அங்கே போடுவதைக் கட்டடம் அனுமதிக்காது. வெளியே பனி. கட்டடப் பொருள் கடையில் 60 செ.மீ. சதுரத்தில், பளபளப்பில்லாத கறுப்பு டைல் ஒன்று வாங்கி, அடியில் நான்கு மூலையிலும் ஃபெல்ட் ஒட்டிவிட்டால் அதுதான் உங்கள் வாசல். பளபளப்பான டைலில் மாவு நிற்காமல் வழுக்கும். புள்ளிக்கு 4 செ.மீ. இடைவெளி விட்டால் 13 புள்ளிக் கோலம் அழகாக அடங்கும். குளிர்காலத்தில் வீட்டுக் காற்று வறண்டிருப்பதால் அரிசி மாவு கட்டியில்லாமல் விரலிடுக்கில் நன்றாக இறங்கும். ஆனால் தரையில் இருக்கும் ஹீட்டர் துளை பக்கத்தில் இருந்தால் அரைமணியில் கோலம் சுவரோரம் போய்விடும். துளையின் மூடியைத் திருப்பி அடைத்துவிடுங்கள்; அல்லது இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து மைய அரைத்து மாக்கோலமாக இழையுங்கள், மூன்று நாளும் அப்படியே இருக்கும்.

மஞ்சளும் கரும்பும்

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதித் தமிழ்க் கடைகளில் பண்டிகை வாரத்தில் இரண்டும் கிடைக்கும். கரும்பைக் காரின் பின்பெட்டியில் இரவெல்லாம் விட்டுவிட்டால் உள்ளே உறைந்து, உருகியதும் புளிக்கத் தொடங்கும். வாங்கியதும் வீட்டுக்குள் கொண்டுவந்து, துண்டாக்கி, வெட்டு முனைகளை மெழுகில் தோய்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மஞ்சளை வீட்டிலேயே வளர்க்கலாம், காலக்கணக்குத்தான் முக்கியம். மார்ச்சில் நட்டால் ஒன்பது பத்து மாதத்தில் தழை காய்ந்து கிழங்கு உறக்கத்துக்குப் போய்விடும். ஜனவரியில் பச்சைக் கொத்து இருக்காது. ஜூன் கடைசியில், முளை விட்ட கிழங்கை 30 செ.மீ. தொட்டியில் இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். கோடை முழுதும் பால்கனி. இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும் செப்டம்பரில் உள்ளே எடுத்துவிட வேண்டும். அதன்பின் வளர்ப்பு விளக்கு தினமும் 14 மணி நேரம். பகல் குறுகுவதை உணர்ந்தால் செடி உறங்கப் போய்விடும். விளக்கு அதைத் தடுத்துப் பொங்கல் வரை பச்சையாக நிறுத்தும். ஹீட்டர் காற்றில் இலை நுனி கருகினால் தொட்டிக்கடியில் கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பிய தட்டு வையுங்கள்.

மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும்

கனுப்பிடி (உடன்பிறந்தவர் நலம் வேண்டிப் பறவைகளுக்குச் சோற்றுப் பிடி) வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் பால்கனியில் வைக்க நினைப்பார்கள். பறவைகளுக்குச் சோறு போடுவதைக் கட்டட விதி பெரும்பாலும் தடுக்கும், புறா கூடினால் கீழ்வீட்டாரோடு சண்டை. ஜன்னலோரம் உள்பக்கமாக மஞ்சள் இலையில் மஞ்சள் சோறு, சிவப்புச் சோறு, தயிர் சோறு என்று பிடி வைத்து, அண்ணன் தம்பிக்குப் படம் அனுப்பிவிட்டு இருவரும் சாப்பிட்டுவிடலாம்.

காணும் பொங்கலை அடுத்து வரும் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதே நிலையில் இருக்கும் இன்னொரு தம்பதியைக் கூப்பிட்டால் போதும். நாலு பேருக்கு மேல் போனால் ஒரு லிட்டர் பாத்திரக் கணக்கு மாறிவிடும், சமையலே நாளைத் தின்றுவிடும். வருபவர்கள் ஒரு குழம்போ கூட்டோ கொண்டுவரட்டும், பொங்கல் உங்களுடையது. ஊர்ப் பெரியவர்களுக்குப் போன் செய்ய இங்கே காலை 8 முதல் 11 வரைதான் சரியான நேரம். மதியம் தாண்டினால் அங்கே தூங்கப் போய்விடுவார்கள்.

பெட்டியும் நோட்டும்

எல்லாப் பொருளும் ஒரே பிளாஸ்டிக் பெட்டியில்: ஒரு லிட்டர் பாத்திரம், சிலிக்கான் விரிப்பு, அட்டை, அணைத் துவாலை, பித்தளைப் பானை, கோலமாவு, திரி. டைலைப் பெட்டிக்குப் பின்னால் சுவரோரம் நிறுத்தலாம். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து, துளி ஈரமில்லாமல் துடைத்துத் துணியில் சுற்றுங்கள். இல்லையென்றால் அடுத்த ஜனவரியில் பச்சைக் களிம்போடு வெளியே வரும்.

ஒரு மெல்லிய நோட்டும் அதற்குள் இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு பக்கம்: தேதி, வெயில் ஜன்னலைத் தொட்ட நேரம், எந்த அரிசி, மொத்தம் எவ்வளவு தண்ணீர் பிடித்தது, அடுப்பைப் போட்டது எப்போது, பொங்கியது எப்போது, எது தீர்ந்தது, எது மிஞ்சியது. பழைய அரிசி தண்ணீர் கூடக் கேட்கும், புது அரிசி குறையக் கேட்கும், வேறு கடை வெல்லம் இனிப்பு மாறும். இவற்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. வீடு மாறினால் வெயில் நேரத்தையும் வழியும் திசையையும் மட்டும் புதிதாக எழுதினால் போதும், மற்ற அளவுகள் அப்படியே செல்லும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு நினைவூட்டல்: ஜூன் கடைசி வாரம் மஞ்சள் நட வேண்டும், டிசம்பர் முதல் வாரம் ஜனவரிக்கான தாமத வேலைநேரத்தைக் கேட்க வேண்டும். இரண்டையும் போன் காலண்டரிலும் இருவர் பெயரிலும் போட்டு வையுங்கள்.